சென்றாயனின் நெற்றிக்காசு

ஒரு ரூபாய்க் காசு என்பது யாருடைய மடியிலும் இல்லாமல் போய், பூக்காரியில் இருந்து பூசாரி வரைக்கும் எல்லாரும் போனைக் காட்டியே கொடுத்து வாங்கப் பழகிவிட்ட ஒரு சித்திரை மாதத்தில், நடுப்புளியம்பேட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு காலத்தில் எஸ்டிடி பூத் நடத்தி, அந்தக் காலம் மலையேறிய பிறகும் அதை இடிக்க மனமில்லாமல் கண்ணாடிக் கதவுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்த சென்றாயன், சோறு தின்ற கை காயும் முன்னால் செத்துப்போனார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மாலை போட்டு, நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் ஒட்ட ஒரு காசு கேட்டபோது, சாவு வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் பையையும் இடுப்பையும் தடவிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புளி மண்டி வைத்து நாலு மாடி கட்டியவர்கள் அங்கே இருந்தார்கள், கந்து வட்டிக்கு விடுகிறவர்கள் இருந்தார்கள், இரண்டு கட்சியின் நகரச் செயலாளர்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு பிணத்தின் நெற்றிக்கு ஒற்றைக் காசு அவர்களிடம் இல்லை.

“போன்ல காட்டுறோமே, அந்தச் சதுர அட்டை ஒண்ண ஒட்டிவிடுவோமா?” என்று ஒரு பங்காளி கேட்டான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். ஊர் அந்த லட்சணத்தில் இருந்தது.

சென்றாயனின் மனைவி பவுன்தாய் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சூட டப்பாவைத் திறந்து, அதற்குள் இருந்த ஒரு பழைய வெள்ளைக் காசை எடுத்து வந்து, புருஷன் நெற்றியில் கட்டை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள். சுவரோரம் நின்றிருந்த ஞானாபரணத்துக்கு நெஞ்சை அடைத்தது. செத்தவரை நினைத்து அடைத்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஞானாபரணம் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியே வாழ்நாளைக் கழித்தவர், ஓய்வுக்குப் பின் அதையே சம்பளம் இல்லாமல் செய்துவந்தார். அவருடைய மனைவி அதைத் தாங்க மாட்டாமல் ஓசூரில் மகன் வீட்டோடு போய்த் தங்கிவிட்டாள். அவர் பாட்டனார் அந்தக் காலத்தில் அமெரிக்கப் பாதிரியார் பங்களாவில் சமையல்காரர். கப்பலேறிப் போகும்போது பாதிரியாரின் மனைவி கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் டப்பாவில் அவள் நாட்டுச் சில்லறை கொஞ்சம் கிடந்தது, அதில் பிடித்த பைத்தியம் பேரனைத்தான் முழுசாகப் பிடித்தது. ஆயிரத்து எண்ணூறுகளில் அமெரிக்காக்காரன் அடித்த ஐந்து சென்ட் நிக்கல் காசு. பேர்தான் நிக்கல், முக்கால்வாசி செம்பு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமும் சுற்றிலும் நட்சத்திரங்களும் கீழே வருஷமும். மறுபக்கம் இலை வளையத்துக்குள் பெரிதாக ஒரு வி, ரோமன் கணக்கில் ஐந்து. அந்த நாட்டிலேயே அன்றைக்கு அதை வைத்து ஒரு வேளை வயிறு நிறையாது.

ஆனால் ஞானாபரணத்திடம் அதற்கென்று ஓர் ஆல்பம் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றில் தொடங்கி அந்த நூற்றாண்டு முடிகிற வரைக்கும் வருஷத்துக்கு ஒன்றாக வட்ட வட்டமாய் வெட்டிய குழிகள், குழிக்கு ஒரு காசு. எல்லாக் குழியும் நிரம்பியிருந்தது, எண்பத்தைந்தைத் தவிர. அந்த வருஷம் குறைவாக அடித்துத் தொலைத்துவிட்டார்கள். அந்தக் காலிக் குழியைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் படுக்கப் போனதில்லை. பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி அவர் கண் அங்கேயே போகும்.

உலகத்தில் எங்கெங்கோ கிடக்கிற எண்பத்தைந்தில் ஒன்று, நடுப்புளியம்பேட்டையிலேயே, எஸ்டிடி பூத் சென்றாயனிடம் இருந்தது. பாதிரியார் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது அவர் எடுத்த உடைந்த ஆர்மோனியத்துக்குள் அது கிடைத்தது. சென்றாயனுக்குக் காசைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஞானாபரணத்தின் கண்ணைப் பார்த்ததுமே தன்னிடம் இருப்பது ஏதோ பெரிய சமாசாரம் என்று தெரிந்துகொண்டார். “விக்கிறதா? அது எதுக்கு சார்? ஒருத்தன் இப்பிடி எச்சி ஊறப் பாக்குற பொருளை வித்துப்புட்டா அப்புறம் எனக்கென்ன மருவாதி?” என்பார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு ஞானாபரணம் பூத்துக்கு வர வேண்டும், சென்றாயன் பேசுகிற பேச்சையெல்லாம் கேட்க வேண்டும், கேட்டு முடித்த பிறகு சூட டப்பா திறக்கும், லென்ஸ் வைத்து ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். முப்பது வருஷமாக இது நடந்தது.

ஊரில் வேறு ஒரு மனிதனையும் ஞானாபரணம் மதித்ததில்லை. பழைய காசு என்றாலே மாயக் காசு என்று எண்ணி “அரிசிய இழுக்குமா சார்?” என்று கேட்கிற ஊர். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, என்றைக்காவது ஒருத்தன் காரில் வந்து லட்சம் தருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர். “சில்லறைப் பயலுக” என்று அவர் வாய்விட்டே சொல்வார், அது அவர்கள் காதில் விழுவதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

பாடை கிளம்பியதும் அவரும் பின்னாலேயே போனார். யார் சாவுக்கும் சுடுகாடு வரைக்கும் போகாத மனிதர் வருகிறாரே என்று ஊர் மெச்சிக்கொண்டது. நெற்றிக்காசு சுடுகாட்டில் வேலை பார்க்கிற சங்கிலிக்குச் சேர்ந்தது, அது வழக்கம். சங்கிலி குனிந்து காசை நகத்தால் நெம்பி எடுத்தார். காசு இருந்த இடத்தில், சந்தனத்தில் அல்ல, அதற்கு அடியில் தோலிலேயே, ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு வியும் கெட்டியாகப் பதிந்திருந்தது.

“அச்சு நல்லா விழுந்திருக்கு” என்றார் சங்கிலி, எத்தனையோ நெற்றியைப் பார்த்தவர். காசை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஞானாபரணம் ஓரமாக அவரைக் கூட்டிப்போய், தோளில் கை போட்டு, “சங்கிலி, அந்தக் காசு உனக்கு எதுக்கு, செல்லவா போகுது? என்ன வேணும்னு கேளு” என்றார்.

சங்கிலி முதலில் தன் தோளில் இருந்த கையைப் பார்த்தார், அப்புறம் கைக்கு உரியவரைப் பார்த்தார். “நேத்து வரைக்கும் எங்க காத்துப் பட்டாலே சட்டைய ஒதறுவீங்க. இன்னைக்கு என்ன சார் தோளுல கை? நெத்திக்காச விக்கக் கூடாது. பொணம் பின்னாலயே வரும்.”

மறுநாள் காலையில் நடுப்புளியம்பேட்டை பல் விளக்கக் கண்ணாடி முன் நின்றபோது, கைக்குழந்தையில் இருந்து கட்டிலோடு கிடக்கிற கிழடு வரைக்கும், மண்டிக்காரர் முதல் மண்டியில் புளி தட்டுகிற பெண்கள் வரைக்கும், ஊரில் உள்ள ஒவ்வொரு நெற்றியிலும் காசு அகலத்துக்கு ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வியும் பதிந்திருந்தது. யாரும் அலறவில்லை. பெண்கள் குங்குமத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்துக்கொண்டார்கள். ஆதார் மையத்தில் நெற்றிக்குப் பவுடர் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். பெருமாள் கோயில்காரர்கள் இது நாமம் என்றார்கள், முருகன் கோயில்காரர்கள் இது வேல் என்றார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் இது வெற்றி என்று ஆளுக்கொரு போஸ்டர் ஒட்டினார்கள். போதகர் பிரசங்க பீடத்தில் நின்று, கர்த்தர் தம்முடைய ஜனங்களை நெற்றியில் முத்திரையிட்டார் என்று அன்றைக்கென்றே எழுதி வைத்த மாதிரிப் பேசினார். பத்து மணிக்கு மண்டி வழக்கம்போலத் திறந்து, புளி வழக்கம்போல எடை போடப்பட்டது.

ஆங்கில வாத்தியார்தான் அது ரோமன் கணக்கில் ஐந்து என்று சொல்லிக் கெடுத்தார். ஐந்து என்றால் எது ஐந்து என்று யாருக்கும் தெரியாததால், அவரவர் ஆசைக்குத் தக்கபடி ஐந்து லட்சம் என்றும் ஐந்து கோடி என்றும் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே ஐந்து என்றால் அப்புறம் ஊர் எதற்கு இருக்கிறது? ஆகவே அடுத்த வாரமே, யாருடைய ஐந்து தெளிவு, யாருடையது மங்கல் என்று பார்க்கத் தொடங்கினார்கள். ரேஷன் கடையில் தெளிவுக்குத் தனி வரிசை நின்றது, பஸ்ஸில் மங்கல் எழுந்து தெளிவுக்கு இடம் விட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்வதை விட்டுவிட்டு லைட்டைப் போடச் சொன்னார்கள். ஊரிலேயே தெளிவான வி யாருடையது என்று பார்த்தால் அது சங்கிலியின் நெற்றியில் இருந்தது. உடனே பெரியவர்கள் கூடி, காசைக் கையால் தொட்டவனுடையது கணக்கில் வராது என்று முடிவு சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஒருவர் நெற்றியில் மட்டும் வி இல்லை. ஞானாபரணத்துக்கு வட்டம் விழுந்திருந்தது, வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. விரல் வைத்துப் பார்த்தால் லேசாகக் குழிந்து, அவர் ஆல்பத்தில் எண்பத்தைந்துக்கு விட்ட இடம் மாதிரியே வழுவழுவென்று இருந்தது. ஏன் அப்படி என்று யாரும் ஆராயவில்லை. அவர் தனக்கு விலையே போட முடியாது போலிருக்கிறது என்று முதல் இரண்டு நாள் மிதப்பாகத் திரிந்தார். ஊர் அதற்கு வைத்த பேர் வேறு. “செல்லாக்காசு வருது பாரு” என்று டீக்கடையில் சொன்னார்கள், அது அவர் காதில் விழுவதைப் பற்றி அவர்களுக்கும் கவலை இல்லை. சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்ந்தவரை நாசூக்காகத் தூணுக்குப் பின்னால் தள்ளினார்கள், மாவு மில்லில் அவர் அரிசி கடைசியில் அரைபட்டது. அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. இந்தச் சில்லறைகளிடம் மரியாதையை எதிர்பார்க்கிற அளவுக்கு நாம் இறங்கிவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

இதற்கிடையில், இத்தனை நெற்றியில் முத்திரை குத்திய காசு சங்கிலியின் குடிசையில் இருக்கலாமா என்று ஊருக்கு ஞானோதயம் வந்தது. போய்க் கேட்டு வாங்கி வந்தார்கள். கேட்டார்கள் என்பது சும்மா ஒரு பேச்சு, வாங்கினார்கள் என்பதுதான் நடந்தது. காசைத் திருப்பிப் பார்த்தால் கிரீடம் வைத்த பெண். பெண் என்றால் அம்மன், அம்மன் என்றால் கோயில். சென்றாயனின் பூத்தை வெள்ளையடித்து, போன் இருந்த பலகையில் சந்தன உருண்டை வைத்து, அதில் காசைப் பதித்து, கண்ணாடிக் கதவில் மாலை போட்டு, எஸ்டிடி ஐஎஸ்டி என்று எழுதியிருந்ததை மட்டும் அழிக்க மறந்து, நிக்கலம்மன் கோயில் என்று பேர் வைத்தார்கள். நெற்றியில் வைத்த கை பவுன்தாயுடையது என்பதால் பூசையும் அவளுக்கு வந்தது. தாலி அறுத்தவள் கையாலா என்று இரண்டு பேர் இழுத்தார்கள். “அப்ப நீங்களே வந்து வெளக்குங்கடா” என்றாள் அவள். வேலை என்றதும் இருவரும் அந்தப் பக்கமே வரவில்லை.

விளக்குவது என்றால் சாதாரணமாக இல்லை. புளி ஊர், புளிக்குப் பஞ்சமா? விடிந்ததும் கை கொள்ளாமல் புதுப்புளியைக் கரைத்து, செங்கல் பொடி தூவி, தேங்காய் நாரை எடுத்து, பவுன்தாய் அந்தக் காசை முன்னும் பின்னும் தேய்க்கத் தேய்க்க அது வெள்ளியாய் மின்னும், கண்ணாடிக்கு வெளியே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பழங்காசு சேர்ப்பவன் காசை ஈரக் கையால் தொடக்கூட மாட்டான். வருஷக் கணக்காகப் படிந்த அந்த மங்கின தோல்தான் காசின் உயிர், அதைத் துடைத்தால் எல்லாம் போயிற்று. ஞானாபரணம் வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று, நார் படுகிற ஒவ்வொரு தரமும் தன் முதுகில் பட்ட மாதிரி நெளிந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் கத்திவிட்டார். “அறிவுகெட்டவங்களா! அது அம்மனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. அமெரிக்காக்காரன் சில்லறைடா அது! அஞ்சுன்னா அஞ்சு கோடியா? அஞ்சு சென்ட்! அவிச்ச கடலை வாங்கத் தேறாது. உங்க நெத்தியில எழுதியிருக்கிறது அம்புட்டுத்தான்!”

“அஞ்சு செண்ட்டுன்னா பரவால்லையே, பைபாஸ் ஓரமா குடுப்பாய்ங்களா?” என்று ஒருத்தர் கேட்டார். மற்றவர்கள் அவ்வளவுகூட யோசிக்கவில்லை. மண்டிக்காரர் முன்னால் வந்து ஞானாபரணத்தின் நெற்றியை நிதானமாகப் பார்த்தார். “நெத்தியில ஒண்ணுமில்லாதவன் எங்க நெத்திய எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் பாருங்கப்பா. மங்கலா இருந்தாலும் எங்களுக்கு அஞ்சு இருக்கு சார். உங்களுக்கு?” என்றார். தெளிவு இருக்கிறவர்கள் மட்டுமே இனிமேல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் வரலாம் என்று அன்றைக்கே கயிறு கட்டினார்கள்.

கயிற்றுக்கு வெளியே இருந்து பார்த்தால் வருஷம் தெரியாது. அதுதான் ஞானாபரணத்தை உலுக்கியது. காசு தேய்ந்தால் முதலில் போவது வருஷம். அதிலும் ஐந்தின் வால் மெல்லிசு. அந்த வால் போய்விட்டால் அது எண்பத்தைந்து என்று கர்த்தரே வந்தாலும் சொல்ல முடியாது. வால் இருக்கிறவரைக்கும், வெறும் நிழலாக இருந்தாலும், அவர் குழிக்கு அது போதும்.

அவர் கவரிங் கடை தனுஷ்கோடியிடம் கொல்லை வழியாகப் போனார். தனுஷ்கோடி ஏற்கெனவே கல்யாணத்துக்கு நிற்கிற மங்கல்களுக்கெல்லாம் நெற்றியில் தங்க முலாம் பூசிக் கொழித்துக்கொண்டிருந்தான். இதில் ஒரு பழைய கதை உண்டு, ஞானாபரணத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த நிக்கல் காசை முதல் முதலில் அடித்தபோது அமெரிக்காக்காரன் வி என்று போட்டவன் சென்ட் என்று போட மறந்துவிட்டான். அங்கே இருந்த திருட்டுப் பயல்கள் அதற்குத் தங்க முலாம் பூசி, ஐந்து டாலர் தங்கக் காசு என்று கடை கடையாக மாற்றினார்கள். ஏமாந்த கடைக்காரர்களை நினைத்து நினைத்து அவர் எத்தனையோ வருஷம் சிரித்திருக்கிறார். இப்போது தனுஷ்கோடியின் முக்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்தார்.

“அவிங்களுக்கெல்லாம் இருக்கிறதுக்கு மேல பூசுறேன். உங்களுக்கு இல்லாத எடத்துல புதுசாப் பொறிக்கணும், அதுக்குக் கூலி தனி” என்றான் தனுஷ்கோடி. வேலை முடிந்து கண்ணாடியைக் காட்டினான். நெற்றிக் குழிக்குள் பொன் நிறத்தில் ஒரு வி தகதகத்தது. “ஒரு வருசம் கேரண்டி. சோப்பு வேணாம். புளி மட்டும் படவே கூடாது சார், சொல்லிப்புட்டேன்.”

ஊர் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று வரைக்கும் செல்லாக்காசு, இன்றைக்குப் பொன் ஐந்து, சரி, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார்கள். தம்மை நம்பிய அந்தச் சுலபத்துக்காகவே அவர்களை அவர் இன்னும் கேவலமாக நினைத்தார். அன்று முதல் விடியற்காலையில் பூத்துக்குள் பவுன்தாய்க்குப் பக்கத்தில் விளக்குப் பிடித்து நிற்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளங்கைக்குள் லென்ஸ் இருந்தது. ஐந்துக்கு வால் இருந்தது.

“கொஞ்சம் பூப்போல வெளக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டுப் பார்த்தார்.

பவுன்தாய் கையை நிறுத்தவில்லை. “தேச்சாத்தான சார் தெரியும்” என்றாள். “முப்பது வருசம் இத டப்பாவுக்குள்ள வச்சுத் தெறந்து தெறந்து பாத்தாரு அந்த மனுசன். ஞாயித்துக்கெழமையானா நீங்களும் வந்து பாத்தீங்க. ரெண்டு பேருக்கும் டீ கொண்டாந்து வச்சவ மூஞ்சிய ரெண்டு பேருமே பாத்ததில்ல. அப்பிடி இந்தச் சிறுக்கி மொகத்துல என்னதான் எழுதியிருக்குன்னு நானும் தேச்சுப் பாக்குறேன்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவர் விளக்கை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஆடி பிறந்தபோது ஊர் நெற்றிகள் மங்கத் தொடங்கின. காசில் வி எவ்வளவு தேய்ந்ததோ அதே அளவுக்கு நெற்றிகளிலும் தேய்ந்தது, தெளிவுகள் மங்கலானார்கள், மங்கல்கள் கண்ணுக்கே தெரியாமல் போனார்கள். முதலில் கண்டுபிடித்தது ஞானாபரணம்தான். லென்ஸ் வைத்திருக்கிறவர் அவர் ஒருவர்தானே. ஊரோ அம்மனுக்குக் கோபம் என்று முடிவு செய்து, காலையில் மட்டும் விளக்குவதை மாலையிலும் விளக்க வைத்தது, பிறகு உச்சிக்கும் சேர்த்தது, ஆளுக்கொரு உருண்டைப் புளி கொண்டு வந்து வரிசையில் நின்றது.

‘தேய்க்காதீர்கள், தேய்ப்பதால்தான் போகிறது’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இப்போது அவர் பொன் ஐந்து, கேட்டிருப்பார்கள். அவர் அதை நினைக்காமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? உயிரைப் போல அதைப் பொத்திப் பூட்டி வைப்பார்கள், காசு தப்பிக்கும், ஆனால் கடைசி வரைக்கும் கைக்கு வராது. சொல்லாமல் இருந்தால்? நெற்றிகள் சுத்தமாகத் துடைத்துப் போகும், இந்தச் சாதிசனம் பயன்படாததைத் தூக்கி எறிகிற சாதிசனம், எறிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தின் வால் அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே. போகட்டும், இவர்களுக்கு எதற்கு நெற்றியில் ஐந்து, என்றும் ஒரு நினைப்பு உள்ளே இருந்தது, அது இனித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தார்.

ஆவணியில் ஒரு நாள் உச்சிப் பூசையின்போது, நாரை எடுத்த இடத்தில் வால் இல்லை. எட்டு இருந்தது, எட்டு இருந்தது, அப்புறம் ஒரு வழவழப்பு இருந்தது. அவர் விளக்கைச் சாய்த்துக் காசின்மேல் குனிந்தார். “எண்ணெய் கொட்டுது சார்” என்றாள் பவுன்தாய். பிறகு எட்டுகளும் போயின, நட்சத்திரங்கள் போயின, கிரீடமும் மூக்கும் போயின, கடைசியாக மறுபக்கத்து வியும் போயிற்று. அன்றைக்கு ஊரில் ஒரு நெற்றியிலும் ஒன்றும் இல்லை, அடியில் இருந்த வி போனதும் தனுஷ்கோடி அதன்மேல் பூசிய முலாமும் உதிர்ந்துபோனது. ரேஷன் கடையில் ஒரே வரிசை நின்றது, யார் முன்னால் போவது என்று தெரியாமல் அடிதடி ஆனது. மண்டிக்காரர் கோபத்தோடு பூத்துக்குள் வந்து, காசைச் சந்தனத்திலிருந்து பிய்த்து, “செல்லாக்காசு” என்று சொல்லி பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் வீசினார்.

ஞானாபரணம் எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து, வேட்டியை மடித்துக் கட்டிச் சாக்கடையில் இறங்கினார். வீட்டுக்குப் போய்க் கழுவி, துடைத்து, ஆல்பத்தைத் திறந்து, எண்பத்தைந்தின் குழியில் வைத்தார். லொடலொடவென்று உட்கார்ந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வழுவழுவென்று ஒரு தகரம், அதில் அவர் கண் தெரிந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் இடத்தில் இன்னொருவர் இதைக் கொண்டு வந்து எண்பத்தைந்து என்று சொல்லியிருந்தால் அவரே காறித் துப்பியிருப்பார். முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து ஏங்கியதைத் தம் கையாலேயே விளக்குப் பிடித்து அழித்ததை நினைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அழுது கொண்டிருக்கும்போதே வாசலில் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் மண்டிக்காரர், அவர் பக்கத்தில் போதகர், பெருமாள் கோயில்காரர்கள், முருகன் கோயில்காரர்கள், இரண்டு நகரச் செயலாளர்கள், பின்னால் புளி தட்டுகிற பெண்கள், அத்தனை பேர் நெற்றியும் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. அத்தனை பேரும் அவர் நெற்றியைப் பார்த்தார்கள். அங்கே, நடுப்புளியம்பேட்டையில் மிச்சமிருந்த ஒரே ஒரு வி, பொன்னாய் மின்னிக்கொண்டிருந்தது.

“சாருக்கு மட்டும் அழியலப்பா” என்றது ஒரு குரல்.

“அப்பவே தெரியும்” என்றார் மண்டிக்காரர். கையைக் கூப்பினார்.

இது கவரிங், தனுஷ்கோடி பூசினது, என்று சொல்ல ஞானாபரணம் வாயைத் திறந்தார். கூட்டத்தின் கடைசியில் தனுஷ்கோடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றான். வரிசை வரிசையாக வெறும் நெற்றிகள், குனிந்த தலைகள், சில்லறைகள், தன்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளின சில்லறைகள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். தலையை மட்டும் லேசாக நிமிர்த்தினார். அவ்வளவுதான் அவர் செய்தது, மற்றதை ஊர் செய்தது. தூக்கினார்கள், தோளில் வைத்தார்கள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மேளத்தோடு கொண்டு போனார்கள். ஆல்பம் மேசை மேல் திறந்தபடியே கிடந்தது.

பூத்துக்குள் சென்றாயனின் நாற்காலி இருந்தது. அதில் உட்கார வைத்து, முழங்கால் இடிக்காமல் திருப்பி, மாலை போட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள். அளவெடுத்த மாதிரி இருந்தது. வெளியே கண்ணாடியில் மூக்கு பதிய ஊரே நின்றது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் நெற்றியில் இருந்தது. சங்கிலி ஒருவர்தான் கூட்டத்தில் இல்லை. அவர் எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு பவுன்தாய் உள்ளே வந்தாள். ஒரு கையில் புளிக்கரைசல், ஒரு கையில் நார், முந்தியில் செங்கல் பொடி. அவள் இந்த முறை அவர் முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தாள், எதையோ தேடுகிறவள் மாதிரி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

“பவுன்தாயி, வேணாம்மா, புளி படக்கூடாது” என்றார் ஞானாபரணம். கண்ணாடிக்கு வெளியே அது கேட்காது. எஸ்டிடி பூத், பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் கட்டியிருந்தார்கள்.

“கண்ண மூடிக்கங்க சார், எரியும்” என்று சொல்லி, அவள் நாரைப் புளியில் முக்கி எடுத்தாள். “தேச்சாத்தான தெரியும்.”